இடுப்பில் கை வைத்த பார்வையாளர்

மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. மனைவியின் தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. வயதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உயரத்தில் பார்த்தால் சின்னவர்தான் பெரியவர். ஆனாலும் முதலில் கல்யாணம் செய்துகொண்டவர் என்கிற ஒரே சாதனைக்காக, அந்த வீட்டு சோபாவின் நடு இடம், மின்விசிறிக்கு நேர் கீழே, பெரியவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் அதில் உட்காரவில்லை, பதவி வகித்தார்.

வேலையிலும் ஒரு நடு இடம் காலியாக இருந்தது.

ஊருக்கு மத்தியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. ஒரு காலத்தில் ஊருக்கே தண்ணீர் கொடுத்தது. இப்போது அதில் தண்ணீர் கிடையாது, சுற்றுலாப் பயணிகள்தான் உண்டு. லிஃப்டில் உச்சிக்குப் போவார்கள், ஊரைப் பார்ப்பார்கள், தாங்கள் தங்கியிருக்கும் ஓட்டலைத் தேடிக் கண்டுபிடித்து அதையே படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். இறங்கிய வேகத்தில் வெளியே போய்விடாமல் இருக்க, தொட்டிக்குக் கீழே உள்ள வட்டக் கூடத்தில் டிஜிட்டல் காட்சிகள் வைப்பது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. தொட்டால் பேசும், நின்றால் ஆடும், கையசைத்தால் ஒளிரும் வகையறா. அந்த வேலையை எடுத்திருந்த சின்ன நிறுவனத்தில் பெரியவர்தான் புரோகிராமர்.

அவர் செய்தது நகர மேசை. கட்டில் அகலத்துக்கு ஒரு தொடுதிரை. அதில் ஊர் முழுக்க விரிந்து கிடக்கும். ஏதாவது ஒரு தெருவைத் தொட்டால், தொட்டியிலிருந்து அந்தத் தெருவுக்கு அந்தக் காலத்தில் தண்ணீர் போன வழி நீலமாக ஒளிரும். கூடவே ஒரு விளக்கம் திறக்கும். விளக்கத்தைத் தொட்டால் துணை விளக்கம். துணை விளக்கத்தைத் தொட்டால் குழாயின் குறுக்குவெட்டுத் தோற்றம். அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர்தான் அதைச் செய்தவர்.

இந்த இடத்தில் சின்னவர் உள்ளே வருகிறார். அவரைக் கூட்டிவந்ததே பெரியவர்தான். இதை நினைக்கும்போதெல்லாம் பெரியவருக்குத் தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

சின்னவர் அதுவரை துணிக்கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்கு விளக்கு அமைத்துக்கொண்டிருந்தவர். கடை ஒன்று மூடிவிட, வேலை போய்விட்டது. “என் தங்கச்சி வீட்டுக்காரர் சும்மா உக்காந்திருக்கார், நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று மனைவி நச்சரித்தாள். கேபிள் இழுக்க ஒரு ஆள் வேண்டும்தானே என்று பெரியவரும் பெரிய மனது பண்ணி ஒரு வார்த்தை சொன்னார்.

சின்னவர் கேபிள் இழுத்தார். ஒழுங்காகவே இழுத்தார். புரொஜெக்டர் வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில், ஒரு மத்தியானம், பேனாவால் ஒரு மனித உருவம் வரைந்து, அதற்குள் பாதி வரை தண்ணீர் வரைந்தார். “சும்மா ஒரு யோசனைண்ணா” என்றார். கூடத்தின் பொறுப்பாளர் மேடம் அந்த வழியாகப் போனவர், நின்று பார்த்தார்.

அப்படிப் பிறந்தது நிறையும் சுவர். விஷயம் இவ்வளவுதான்: சுவருக்கு எதிரே போய் நின்றால் உங்கள் நிழல் சுவரில் விழும். அசையாமல் நின்றால் நிழலுக்குள் காலிலிருந்து தண்ணீர் ஏறும். முட்டி, இடுப்பு, நெஞ்சு. கொஞ்சம் ஆடினாலும் அத்தனையும் சளாரென்று கொட்டிவிடும். தலை வரைக்கும் நிறைந்தால், தலைக்குள் ஒரு மீன் வந்து ஒரு சுற்று சுற்றும். விளக்கம் கிடையாது, துணை விளக்கம் கிடையாது, குழாயின் குறுக்குவெட்டுத் தோற்றமும் கிடையாது.

மக்கள் மொய்த்தார்கள்.

ஒருத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் இருப்பவர் காதில் ஊதுவார். சளார். கூடமே சிரிக்கும். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள்கூட வரிசையில் நின்று வழிந்தார்கள். ஆனால் தலை வரைக்கும் நிறைந்தவர் யாரும் இல்லை. அவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் நிற்க ஒன்று ஞானம் வேண்டும், அல்லது வேறு ஏதாவது வேண்டும்.

கூடத்தின் நடுவில், மேலே உள்ள வட்டத் திறப்பிலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில், ஒரே ஒரு காட்சிக்குத்தான் இடம். நிரந்தர இடம். செய்தவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு உண்டு. மற்றது பின்பக்க நடைவழிக்குப் போகும். அந்த நடைவழி கழிப்பறைக்குப் போகிற வழி. திறப்பு விழாவுக்கு மாமனார் குடும்பத்தையே ஏற்கெனவே பெரியவர்தான் அழைத்து வைத்திருந்தார்.

“எதை நடுவுல வைக்கிறது?” என்று மேடம் கூட்டத்தில் கேட்டார்.

“மக்களே முடிவு பண்ணட்டும் மேடம்” என்றார் பெரியவர். முந்தின ராத்திரியே யோசித்து வைத்திருந்ததை அப்போதுதான் தோன்றியதுபோல் சொல்லும் கலை அவருக்குக் கைவந்தது. “எத்தனை பேர் வந்தாங்கங்கிறது முக்கியமில்ல. எவ்வளவு நேரம் நின்னாங்கங்கிறதுதான். கூரையில சென்சார் வைக்கலாம். எந்தக் காட்சிகிட்ட ஜனங்க அதிக நேரம் நிக்கிறாங்களோ, அது நடுவுல.”

சுவருக்கு வருகிறவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். மேசையில் படிப்பதற்கு ஒரு வாழ்நாளுக்கு இருக்கிறது. இதுதான் கணக்கு.

“நல்ல யோசனை” என்றார் மேடம்.

“இன்னொண்ணு மேடம். நம்ம ஆளுங்க பக்கத்துல நின்னு, வாங்க வாங்கன்னு கூப்பிட்டா கணக்கு தப்பாயிடும்.” சொல்லும்போது அவர் சின்னவர் பக்கம் திரும்பவில்லை. சுவர் ஓரமாக நின்றுகொண்டு ‘நில்லுங்க, ஆடாதீங்க, அப்படித்தான்’ என்று பார்வையாளர்களைக் கொஞ்சுவது சின்னவரின் வழக்கம் என்பதும் அவர் நினைவுக்கு வராததுபோலவே முகத்தை வைத்துக்கொண்டார். “நம்ம அடையாள அட்டையில சிப் இருக்கே. அட்டை எந்தக் காட்சிகிட்ட இருக்கோ, அந்த நேரம் அந்தக் காட்சிக்குக் கணக்குல சேராது. அப்படி எழுதிடறேன்.”

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று மேடம் சின்னவரைக் கேட்டார்.

“அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்.”

அதுதான் பெரியவரால் தாங்க முடியாதது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

எண்ணும் புரோகிராமை அவரே எழுதினார். முடிவு வரும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பாஸ்வேர்டை மேடமிடமே கொடுத்தார். நேர்மையில் தன்னை யாரும் மிஞ்சக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம்.

சோதனை ஓட்டம் தொடங்கியது. பெரியவர் தன் மேசையை விட்டுத் தள்ளி, தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒருவர் வந்தார், தன் தெருவைத் தொட்டார், “அட, நம்ம தெரு!” என்றார், விளக்கம் திறந்தது, அதைப் பார்த்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்து, மெல்ல நழுவினார். பரீட்சை ஹாலை விட்டு ஓடுகிற மாதிரி. ஆனால் மத்தியான வேளையில் மேசைக்கும் கூட்டம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பத்து விரலாலும் பத்துத் தெருவைத் தொட்டு, ஊரையே வெள்ளத்தில் மூழ்கடித்து விளையாடினார்கள். பெரியவர் அதை எதிர்பார்க்கவில்லை, ரசிக்கவும் இல்லை. அது தவறான பயன்பாடு.

அதைவிட அவரை அரித்தது சுவரின் சிரிப்புச் சத்தம். அதில் ஏதாவது ஒரு ஓட்டை இருந்தே தீரும் என்று அவர் நம்பினார். எல்லா புரோகிராமிலும் இருக்கும், தன்னுடையதைத் தவிர. சின்னவர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன்களோடு மொட்டை மாடிக்குப் போனதும், பெரியவர் சுவருக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் கழுத்து அட்டையைக் கழற்றினார். ஆரஞ்சு நாடாவைப் பார்த்தால் போதும், எல்லாரும் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். தவிர, இந்த ஆள் அந்தச் சுவர்முன் என்ன செய்கிறார் என்று ஆபீஸ் ஆட்கள் பேசக் கூடாது. கழற்றியதை எங்கே வைப்பது? பை மாட்ட மேசைக்கு அடியில் அவரே வைத்த கொக்கி இருந்தது. மாட்டினார்.

சுவரின் எதிரே போய் நின்றார். கூட்டத்தின் ஓரத்தில், தனியாக. இடது கையை இடுப்பில் வைத்தார், கழுத்தை முன்னால் நீட்டினார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டவர்போல் பார்த்தார். நிழலின் விளிம்பு நடுங்குகிறதா? தண்ணீர் ஒரே சீராக ஏறுகிறதா? காலர் பக்கம் ஒரு புள்ளி மினுக்குகிறதே, அது கோளாறா, அழகா? தண்ணீர் முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, அவர் கண் கொட்டவில்லை. பக்கத்தில் சிரித்தார்கள், தள்ளினார்கள், ஒரு அம்மா “கொஞ்சம் தள்ளிக்கோங்க தம்பி” என்றார். அவர் ஆடவில்லை. வயிறு எரிகிறவனுக்கு வேறு எதுவும் காதில் விழாது. தலை வரைக்கும் நிறைந்து, மீன் வந்து, ஒரு சுற்று சுற்றியது. கூட்டம் கை தட்டியது. மீனின் வால் கண் சிமிட்டும் நேரம் தாமதமாகத் திரும்புகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார் அவர்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். அந்த வால் விஷயத்தை உறுதி செய்ய வேண்டியிருந்தது.

சாயங்காலங்களில் சின்னவர் ஓடிவந்து சொல்வார்: “அண்ணா, இன்னிக்கும் ஒருத்தர் தலை வரைக்கும் நிறைஞ்சிருக்கார்! சுவரோட சிஸ்டத்துல நிழல் பதிவாகியிருக்கு. ரொம்ப மெதுவா ஏறுது, யாரும் நிறைய மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் பயந்துட்டு வேகத்தைக் கூட்டலாம்னு இருந்தேன். இந்த மனுஷன் வந்து என் வயித்துல பாலை வார்த்துட்டார்.”

“யாராவது வேலை வெட்டி இல்லாதவனா இருப்பான்” என்பார் பெரியவர்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனால், சோபாவின் நடுவில் சின்னவர். மாமனார் அவர் தோளில் கை போட்டு, “சுவத்துக்குள்ள தண்ணி ஏறுதாமே? எப்படி மாப்ளே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவரைப் பார்த்ததும் சின்னவர் துள்ளி எழுந்து, “அண்ணா, வாங்க, உக்காருங்க” என்றார். பெரியவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே காற்று வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினார்.

“எழுந்துதானே இடம் கொடுத்தார்?” என்றாள் மனைவி.

“கொடுத்தான்ல? அதைத்தான் சொல்றேன். கொடுக்கறதுக்கு அது என்ன அவன் இடமா?”

மனைவி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் துணிவில்லை.

முடிவு நாள் வந்தது. மேடம் கணிப்பொறியைத் திறந்தார். கணக்கு வரைபடத்தில் சுவர் எங்கோ உயரத்தில் நின்றது. மேசை தரையில் கிடந்தது. “சுவர் நடுவுல, மேசை நடைவழியில” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பெரியவரின் முகத்தைப் பார்த்து, “அங்கயும் ஜனங்க போவாங்க சார், கட்டாயம் போவாங்க” என்று ஆறுதல் சொன்னார்.

பெரியவர் வரைபடத்தைத் தன் லேப்டாப்பில் வாங்கி விரித்தார். விரித்ததும் விளங்கிவிட்டது. எழுதியவனுக்கு விளங்காமல் யாருக்கு விளங்கும்? சுவரின் கணக்கில் ஒவ்வொரு மத்தியானமும் ஒரே ஆள் தூண்போல் நிற்கிறான், நகரவே இல்லை. மேசையின் கணக்கில் அதே மத்தியானங்கள் காலி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊரை மூழ்கடித்த அத்தனை நேரமும் சுத்தமாக விழுங்கப்பட்டிருந்தது. மேசைக்கு அடியில் கொக்கியில் ஆரஞ்சு நாடா தொங்கிக்கொண்டிருந்ததே. அட்டை எங்கே இருக்கிறதோ அங்கே கணக்கு கிடையாது. அவர் எழுதிய விதி. அட்டை இல்லாமல் யார் நின்றாலும் அவர் பொதுமக்கள்; அதுவும் அவர் எழுதிய விதிதான். சில நாள் சாயங்காலம் வரை அட்டையை எடுக்க மறந்திருந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது.

கணக்கு தப்பு, திருப்பி எண்ணுங்கள் என்று சொன்னால் போதும். நடு இடம் கைக்கு வந்துவிடும். மேடத்தின் அறைக்கு எழுந்து நடந்தார். கதவைத் தட்டி உள்ளே போனால், சின்னவர் ஒரு பெரிய போஸ்டரைச் சுருள் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. பாருங்க.”

ஆளுயரப் போஸ்டர். கறுப்பு நிழல், உள்ளே தலை வரை நீலத் தண்ணீர், தலைக்குள் மீன். இடது கை இடுப்பில். கழுத்து முன்னால் நீண்டிருந்தது. பேன்ட்டுக்கு மேலே தொப்பை ஒரு கூழாங்கல்போல் துருத்தி நின்றது.

“தலை வரைக்கும் நிறைஞ்ச ஒரே ஆள் இவர்தான். முகம் தெரியாது, நிழல் மட்டும்தான் பதிவாகும். இவரைத்தான் வெளிவாசல்ல வைக்கப்போறோம்” என்றார் சின்னவர்.

“எவ்வளவு ஆசையாப் பாக்கறார் பாருங்க சார்” என்றார் மேடம். “ஒரு படைப்பை இப்படி லயிச்சுப் பாக்கறவங்க எத்தனை பேர் இருக்காங்க இந்தக் காலத்துல? நீங்க எதுக்கு வந்தீங்க?”

பெரியவர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள்ளிருந்து எடுக்க வேண்டிய வாக்கியம் எது என்று பார்த்தார். ‘நான்தான் தினமும் அட்டையை ஒளித்து வைத்துவிட்டு இவன் சுவரில் ஓட்டை தேடி நின்றேன்.’ நன்றாகத்தான் இருந்தது, இலக்கணப் பிழைகூட இல்லை.

“நடைவழியில பிளக் பாயின்ட் இருக்கான்னு கேக்க வந்தேன்” என்றார்.

திறப்பு விழாவுக்கு மாமனார் குடும்பம் முழுக்க வந்தது. வாசலைத் தாண்டவே இல்லை. போஸ்டர் முன்னாலேயே நின்றுவிட்டது.

“ஐயே, இது நம்ம அத்தான்!” என்றாள் மச்சினி.

“சும்மா இரு” என்றார் மாமியார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டே. போட்டதும், “ஆமாடி. பெரிய மாப்பிள்ளையேதான். அந்தத் தொப்பை வேற யாருக்கு வரும்?”

சின்னவர் போஸ்டரைப் பார்த்தார். திரும்பிப் பெரியவரைப் பார்த்தார். அந்த நிமிடம் பெரியவரின் இடது கை அவர் இடுப்பில் இருந்தது. சட்டென்று எடுத்தார். எடுத்ததுதான் தப்பு.

“அண்ணா!” சின்னவர் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களா? தினமுமா? நான் வேகத்தைக் கூட்டிடக் கூடாதுன்னு எனக்குத் தைரியம் கொடுக்கவா சொல்லாம வந்து நின்னீங்க?”

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘பின்னே எதுக்கு?’ பெரியவர் தலையை மேலும் கீழுமாகவும் இல்லாமல், பக்கவாட்டிலும் இல்லாமல், வட்டமாக ஆட்டினார்.

சின்னவர் அதோடு விட்டிருக்கலாம். “அப்ப கணக்கு தப்பாச்சே! நம்ம ஆளு நின்ன நேரம் சேரக் கூடாதே. மேடம்! மேடம், இங்க வாங்க. திருப்பி எண்ணணும். நியாயமாப் பாத்தா நடு இடம் அண்ணாவுக்குத்தான் வரும். எடுத்துக்கோங்கண்ணா. நான் நடைவழிக்குப் போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல.”

உண்மையிலேயே சின்னவருக்கு ஒன்றும் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது. மாமனார் நெகிழ்ந்துபோய்ச் சின்னவரின் முதுகைத் தட்டினார். பெரியவர் தன் நடு இடம் கண்ணெதிரே வந்து நிற்பதைப் பார்த்தார்: மேலே வட்டத் திறப்பு, கீழே பித்தளைத் தகடு. ஒரு சரி சொன்னால் போதும். சொன்னால், அந்தத் தகட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மாமனார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதையும் பார்த்தார். ‘சின்னவர் விட்டுக் கொடுத்தது.’

“வேண்டாம்” என்றார். “உன்னோடது அங்கேயே இருக்கட்டும்.”

“அண்ணா...” சின்னவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். உயரமான ஆள், பெரியவரின் முகம் அவர் சட்டைப் பையில் புதைந்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருந்தன்மையில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாரும் இல்லை.

உள்ளே நடைவழியில் நகர மேசைக்குப் பெரிய கூட்டம். கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால், துணை விளக்கம் தாண்டிக் குழாயின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைக்கும் போயிருந்தார்கள். ஒரு வயதானவர் தன் முறை வந்தும் நகராமல், “இருங்க, இதைப் படிச்சுட்டு வரேன்” என்று பின்னால் இருந்தவரை முன்னே அனுப்பினார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் பெரியவருக்கு இருந்தது. சொன்னால் சின்னவர்தான் முதலில் சந்தோஷப்படுவார் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வந்தால் போஸ்டர் பக்கத்தில் வரிசை. விஷயம் பரவிவிட்டது. மாமனார் செல்போனை ஓங்கிப் பிடித்தபடி, “மாப்ளே, படத்து பக்கத்துல நில்லுங்க. எல்லாரும் உங்களோட ஒரு போட்டோ எடுக்கணுமாம். அதே மாதிரி, கையை இடுப்புல வைங்க” என்றார்.

வைத்தார்.

“கழுத்தை நீட்டுங்க. இன்னும். ம்ஹூம், சரியா வரலையே. அந்தப் பார்வை வர மாட்டேங்குது.”

மனைவி வந்து அவர் காலரைச் சரிசெய்தாள். சரிசெய்கிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

“அதோ பாருங்க, அப்பா கார்ல முன் சீட்டுக் கதவை யாருக்குத் திறந்து வச்சிருக்கார்னு.”

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சின்னவர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தார்.

“அப்படித்தான்!” என்றார் மாமனார். “ஆடாதீங்க!”